ஆட்டம் முடியும்வரை பயிற்சியாளரை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பென்சில்வேனியாவில் வசிக்கும் வாசகர். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதினால் யார் படிப்பார்கள் என்று வீட்டிலேயே கேட்டார்கள். இங்கே நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்தப் பல்கலைக்கழகங்களில்தான் படிக்கிறார்கள். செப்டம்பர் வந்துவிட்டால் சனிக்கிழமைகளில் அவர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. அவர்களைப் பார்த்துப் பெற்றவர்களுக்கும் இந்தப் பித்து பிடித்துவிட்டது. அதனால் படிப்பவர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கடந்த 2025 சீசனில் பயிற்சியாளர்களை நீக்கியதும், ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு விலை பேசி இழுத்ததும், அதற்கெல்லாம் பிளேஆஃப் (சீசன் முடிவில் தேசியப் பட்டத்துக்காக நடக்கும் நாக்அவுட் சுற்று) பெயரைச் சொன்னதும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நான் பென் ஸ்டேட் (பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம்) ரசிகர். எங்கள் அணியில் ஆரம்பித்துத்தான் சொல்ல முடியும்.

ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் 2014 ஜனவரியில் பென் ஸ்டேட்டுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அப்போது அணி தண்டனைக் காலத்தில் இருந்தது, உதவித்தொகை கொடுத்து வீரர்களைச் சேர்ப்பதற்கே கட்டுப்பாடு இருந்தது. அந்த நிலையிலிருந்து 2016 இல் பிக் டென் என்ற எங்கள் கான்ஃபரன்ஸின் (பல பல்கலைக்கழக அணிகள் சேர்ந்த கூட்டமைப்பு) பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2024 சீசனில் 13 ஆட்டம் வென்று பிளேஆஃப் அரையிறுதி வரை போனார், அங்கே நோட்டர் டேமிடம் 27-24 என்று கடைசி நிமிடத்தில் கை நழுவியது. 2025 தொடங்கும்போது நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் எங்களை வைத்தார்கள். பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் அனுபவமுள்ள டிரூ ஆலர் இருந்தார், பந்தோடு ஓடுவதற்கு நிக்கோலஸ் சிங்கில்டன், கேட்ரான் ஆலன் இரண்டு பேரும் இருந்தார்கள், ஒஹாயோ ஸ்டேட்டில் இருந்த தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஜிம் நோல்ஸையே கொண்டுவந்துவிட்டார்கள். இந்த வருஷம் விட்டால் எப்போது என்று எல்லோரும் பேசினோம்.

செப்டம்பர் 27, பீவர் ஸ்டேடியம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுத்தி வரும் இரவு ஆட்டம். எதிரே ஓரிகன். நான்காம் கால்பகுதியில் 17-3 என்று பின்தங்கியிருந்த அணி, முப்பது விநாடி மீதமிருக்கும்போது 17-17 என்று சமன் செய்தது. கூடுதல் நேரம் ஒன்று போய் இரண்டாவதும் வந்தது. ஓரிகன் டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் எடுக்கும் ஆறு புள்ளி) அடித்தது. நம் முறை வந்தது, முதல் பந்திலேயே ஆலர் வீசியதை ஓரிகன் ஆள் பிடித்துவிட்டார், கதை முடிந்தது, 30-24. அந்த அரங்கத்திலேயே, அதே இரவிலேயே, ஃபிராங்க்ளினை நீக்கு என்ற கோஷம் கேட்டது. அடுத்த வாரம் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத யூசிஎல்ஏவிடம் 42-37. அதற்கடுத்த வாரம் சொந்த மண்ணில் நார்த்வெஸ்டர்னிடம் 22-21, போதாக்குறைக்கு ஆலருக்குக் காலில் அடிபட்டு அவர் சீசனும் அன்றோடு முடிந்தது. மறுநாள், அக்டோபர் 12 ஞாயிற்றுக்கிழமை, ஃபிராங்க்ளின் வேலை போனது. பன்னிரண்டாவது சீசனின் நடுவில்.

ஃபிராங்க்ளின் தவறே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. முதல் பத்து இடத்தில் இருக்கும் அணிகளோடு ஆடிய 25 ஆட்டத்தில் நான்குதான் ஜெயித்தார். இந்த 4-21 என்ற கணக்கை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பெரிய ஆட்டம் என்றால் அவர் அணிக்குக் கை நடுங்கும் என்பது நாங்கள் வருஷாவருஷம் பார்த்தது. இன்னொரு பக்கம், பென் ஸ்டேட்டில் அவர் மொத்தக் கணக்கு 104 வெற்றி, 45 தோல்வி. இது பத்தாது என்று ஒருவர் நினைக்கலாம், எங்கள் கடைசி தேசியப் பட்டம் 1986 இல் வந்தது என்பதை நினைத்தால் அந்த ஆத்திரம் எனக்கும் புரிகிறது. சீசன் முடிந்ததும் உட்கார்ந்து யோசித்து நீக்கியிருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். மூன்று வாரத் தோல்வியில், ஆறு ஆட்டம் மீதமிருக்கும்போது நீக்கியதைத்தான் கேட்கிறேன்.

அக்டோபரிலேயே ஏன் நீக்குகிறார்கள் என்று கேட்டால் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடிக்கும் வீரர்கள் பல்கலைக்கழக அணியில் சேரக் கையெழுத்துப் போடும் நாள் டிசம்பர் முதல் வாரத்தில் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் அது பிப்ரவரியில்தான். 2017 இல் டிசம்பர் கடைசியில் ஒரு முன்கூட்டிய வாய்ப்பு வைத்தார்கள், 2024 இல் அதையும் டிசம்பர் தொடக்கத்துக்கு இழுத்துவிட்டார்கள். அதற்குமுன் புதுப் பயிற்சியாளர் வந்து வீரர்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசியாக வேண்டும், ஆகவே அக்டோபரிலேயே பழையவரை அனுப்பினால்தான் தேடுவதற்கு நேரம் கிடைக்கும் என்கிறார்கள். கேட்பதற்குச் சரிதான். பென் ஸ்டேட்டில் என்ன நடந்தது? தேடினார்கள், தேடினார்கள், ஏறக்குறைய எட்டு வாரம் தேடினார்கள். இடையில் இந்த வேலைக்குப் பேர் அடிபட்ட பலருக்கும் அவரவர் பல்கலைக்கழகம் சம்பளத்தை ஏற்றி ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டது. இண்டியானாவின் கர்ட் சிக்னெட்டிக்கு நான்கே நாளில் புது ஒப்பந்தம், ஆண்டுக்கு சராசரி 1.16 கோடி டாலர். நெப்ராஸ்காவின் மேட் ரூல் எங்கள் பழைய மாணவர், அவருக்கும் அக்டோபர் முடிவதற்குள் நீட்டிப்பு. டிசம்பர் 3 கையெழுத்து நாள் வந்தபோது எங்களுக்குப் பயிற்சியாளரே இல்லை. அன்று கையெழுத்துப் போட்டது இரண்டே இரண்டு பையன்கள். வருவதாக வாக்குக் கொடுத்திருந்த மற்றவர்கள் பல ஊர்களுக்குச் சிதறினார்கள், அதில் ஒரு கூட்டம் நவம்பரிலேயே வர்ஜீனியா டெக்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட ஃபிராங்க்ளினோடு போனது. மேட் கேம்ப்பெல் நியமனம் வந்ததே கையெழுத்து நாளுக்கு அப்புறம்தான். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். சீக்கிரம் நீக்கியதால் கிடைக்கும் என்று சொன்ன ஒரே லாபமும் கிடைக்கவில்லை.

பணத்தையும் பாருங்கள். ஒப்பந்தத்தின்படி ஃபிராங்க்ளினுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது சுமார் 4.9 கோடி டாலர். அவர் வர்ஜீனியா டெக்குக்குப் போனதால் 90 லட்சத்தில் கணக்கை முடித்தார்கள், பிழைத்தோம். எல்லோரும் அப்படிப் பிழைக்கவில்லை. எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் சொந்த ஊரில் 49-25 என்று தோற்ற மறுநாள் பயிற்சியாளர் பிரையன் கெல்லியை அனுப்பியது, அவருக்குச் சேர வேண்டியது சுமார் 5.4 கோடி. லூசியானா மாநில ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரியே வெளிப்படையாகக் கோபப்பட்டார், அடுத்த பயிற்சியாளரை இந்த விளையாட்டு இயக்குநர் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்றார், இயக்குநர் ஸ்காட் உட்வர்டும் போய்விட்டார். 2023 இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது 7.5 கோடி டாலருக்கு மேல், வேலை செய்யாமல் இருப்பதற்காக! கல்விக் கட்டணத்துக்குக் கடன் வாங்கும் மாணவர்கள் படிக்கும் இடங்கள் இவை. விளையாட்டு வருமானத்திலிருந்தும் நன்கொடையாளர்களிடமிருந்தும்தான் கொடுக்கிறோம், கட்டணத்திலிருந்து அல்ல என்பார்கள். அந்த நன்கொடையாளரிடம் இதே தொகைக்கு ஒரு ஆய்வகம் கேட்கலாமே என்பதுதான் என் கேள்வி.

இனி ரசிகர்கள். ஸ்டேடியத்திலும் வேலை இடத்திலும் நான் கேட்கும் பேச்சில் பெரும்பகுதி ஒன்றுதான்: “பிளேஆஃபில் பன்னிரண்டு இடம் இருக்கிறது, அதில்கூட நம்மால் வர முடியவில்லையென்றால் இந்த ஆள் எதற்கு?” நான்கு அணி பிளேஆஃப் 2014 இல் தொடங்கியது. 2023 இல் ஃபுளோரிடா ஸ்டேட் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 13-0 என்று இருந்தும், குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் அடிபட்டதைக் காரணம் காட்டி வெளியே நிறுத்தப்பட்டது. அந்த அநியாயத்தைப் பார்த்தவர்கள் 2024 இல் பன்னிரண்டு ஆக்கியதை வரவேற்றோம். நானும் வரவேற்றேன், இன்றும் அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். எட்டாம் இடத்தில் நுழைந்த ஒஹாயோ ஸ்டேட் பட்டம் வென்றது நல்ல விஷயம்தானே. மிச்சிகனிடம் சொந்த ஊரில் 13-10 என்று தோற்ற வாரத்தில் அவர்கள் ரசிகர்களே பயிற்சியாளர் ரையன் டேயை நீக்கச் சொன்னார்கள், ஏழு வாரம் கழித்து அவர் கோப்பையைத் தூக்கினார். அந்த வாரமே யாராவது அவசரப்பட்டிருந்தால்?

ஆனால் இடம் பன்னிரண்டு ஆனதும் பொறுமை கூடும் என்று நினைத்தோம், குறைந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 இல் மேல்தட்டுப் பிரிவில் 136 அணிகள். பிக் டென்னில் மட்டும் 18. 2025 இல் பிக் டென்னிலிருந்து பிளேஆஃப் போனது இண்டியானா, ஒஹாயோ ஸ்டேட், ஓரிகன் மூன்றுதான். தென்மாநிலங்களின் பெரிய கான்ஃபரன்ஸான எஸ்இசியின் 16 அணியில் ஐந்து. அதாவது பிக் டென்னில் பதினைந்து ஊர் ரசிகர்கள் கண்டிப்பாக ஏமாந்தே ஆக வேண்டும், யார் பயிற்சியாளராக இருந்தாலும். பத்து ஜெயித்து இரண்டு தோற்ற நோட்டர் டேமுக்கே இடமில்லை, தொடக்கத்தில் மயாமியிடம் 27-24 என்று தோற்றது கடைசியில் அவர்கள் கழுத்தைப் பிடித்தது. பிளேஆஃப் போனால் நல்லவர், போகாவிட்டால் நீக்கு என்பதுதான் அளவுகோல் என்றால், வருஷாவருஷம் நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் தோல்வியாளர்கள். அது அளவுகோலே அல்ல.

பழைய கணக்கையும் ரசிகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். நிக் சேபன் அலபாமாவில் முதல் வருஷம், 2007 இல், 7-6. அதில் லூசியானா மன்ரோ என்ற சின்ன அணியிடம் சொந்த மண்ணில் தோற்றார். அப்புறம் அதே ஊரில் ஆறு தேசியப் பட்டம். கிர்பி ஸ்மார்ட் ஜார்ஜியாவில் முதல் சீசன் 8-5, வாண்டர்பில்ட்டிடம் தோல்வி, பிறகு 2021, 2022 இரண்டு வருஷமும் பட்டம். கிளெம்சனின் டாபோ ஸ்வின்னி 2010 இல் 6-7. அவர் பட்டம் 2016 இல் வந்தது, 2018 இல் இன்னொன்று. இன்றைய ரசிகர் கூட்டம் அன்று இருந்திருந்தால் மூவரில் எவர் தப்பியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. எல்எஸ்யூவையே பாருங்கள், எட் ஆர்ஜெரான் 2019 இல் 15-0 என்று பட்டம் வென்றார், 2021 அக்டோபரில் சீசன் முடிந்ததும் கிளம்புகிறார் என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் இண்டியானா. வரத்தான் வேண்டும், நானும் அதைத் தாண்டிப் போக விரும்பவில்லை. கல்லூரிக் கால்பந்து வரலாற்றிலேயே அதிகத் தோல்வி என்ற பெயர் சுமந்த அணி அது. 2023 இல் 3-9. பயிற்சியாளரை நீக்கினார்கள், சிக்னெட்டி வந்தார், முதல் வருஷம் 11-2, இரண்டாம் வருஷம் 16-0, தேசியப் பட்டம். ஒஹாயோ ஸ்டேட்டை 13-10, காலிறுதியான ரோஸ் பௌலில் அலபாமாவை 38-3, அரையிறுதியில் ஓரிகனை 56-22. ஜனவரி 19 இறுதியாட்டம் மயாமி அணியோடு, அதுவும் அவர்கள் ஊரிலேயே. கடைசிக் கால்பகுதியில் இண்டியானா 17-14 என்று முன்னே இருக்கிறது, நான்காவது, அதாவது கடைசி முயற்சி, நான்கு கஜம் வேண்டும். முதலில் பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் அடிக்க ஆட்களை அனுப்பிய சிக்னெட்டி டைம்அவுட் கேட்டு மனம் மாறினார். பந்தை குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா கையிலேயே கொடுத்து ஓடச் சொன்னார். பந்து வீசுவதற்குப் பெயர் போன பையன் அவர். நடுவே புகுந்து, இடி வாங்கி, சுழன்று, கடைசியில் பறந்து விழுந்தார், டச்டவுன். மெண்டோசா மயாமியில் வளர்ந்தவர். முடிவு 27-21. நான் இண்டியானா ரசிகர் இல்லை, இருந்தும் எழுந்து நின்று கைதட்டினேன்.

ஆகவே ஆளை மாற்றினால் நடக்கும் என்பதற்கு இண்டியானாவே சாட்சி என்கிறார்கள். எதை மாற்றினார்கள் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். சிக்னெட்டிக்கு அப்போது வயது 62. எங்கள் பென்சில்வேனியாவிலேயே இரண்டாம் தட்டுப் பிரிவில் இருக்கும் ஐயூபி என்ற சின்னக் கல்லூரியில், தன் அப்பா பயிற்சியாளராக இருந்த அதே இடத்தில், தலைமைப் பயிற்சியாளராகத் தொடங்கியவர். பிறகு ஈலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன். ஐயூபிக்கு முன் சேபனிடம் அலபாமாவில் உதவியாளர். இண்டியானாவுக்கு வரும்போது தனியாக வரவில்லை. தாக்குதலுக்கு மைக் ஷனகன், தடுப்புக்கு பிரையன்ட் ஹெய்ன்ஸ் என்று தன் ஆட்களைக் கூட்டிவந்தார், ஜேம்ஸ் மேடிசனிலிருந்து ஒரு டஜன் வீரர்களையும் கூட்டிவந்தார். பட்டம் வென்ற அணியில் மிகைல் கமாரா, டி ஏஞ்சலோ பாண்ட்ஸ், எலைஜா சாரட், எய்டன் ஃபிஷர் எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். அந்த உதவிப் பயிற்சியாளர்கள் பெரிய ஊர்களுக்குப் போய்விடாமல் இண்டியானா காசு கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டது. ஒரே வார்த்தையில் பேசும் ஒரு குழு அப்படியே வந்து அப்படியே நின்றது. மற்ற ஊர்க்காரர்கள் இதில் நீக்கியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், நிலைநிறுத்தியதை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சிக்னெட்டி வந்தபோது ஜேம்ஸ் மேடிசன் அணிக்கு, சீசன் முடிந்தபின் ஆடும் பௌல் ஆட்டம் ஒன்று மிச்சமிருந்தது, அதை அவர் இல்லாமல்தான் ஆடினார்கள். அதாவது நல்ல கதையிலும் இந்தக் காலண்டர் கோளாறு இருக்கிறது.

அந்தக் கோளாறின் உச்சம் ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகம். லேன் கிஃபின் அங்கே ஆறு வருஷம் கட்டிய அணி 11-1 என்று முடித்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பிளேஆஃபுக்குப் போகிறது. நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை, அவர் எல்எஸ்யூவுக்குப் போகிறேன் என்றார். ஆண்டுக்கு சுமார் 1.3 கோடி டாலர், ஏழு வருஷம். பிளேஆஃப் முடியும்வரை நானே நடத்துகிறேன் என்றும் கேட்டார். விளையாட்டு இயக்குநர் கீத் கார்ட்டர் முடியாது என்றார். எங்களை விட்டு அதே எஸ்இசியில் இருக்கும் எதிரணிக்குப் போகிற ஆளை எங்கள் வீரர்களோடு ஒரு மாதம் உட்கார வைக்க முடியாது என்பது நியாயமான பதில். தடுப்பாட்டப் பயிற்சியாளர் பீட் கோல்டிங் தலைமைக்கு வந்தார். அதற்கு முன்பு எங்கேயும் தலைமைப் பயிற்சியாளராக இல்லாதவர். டுலேனை 41-10 என்று அடித்தார்கள். ஜனவரி 1, காலிறுதியான சுகர் பௌலில் ஜார்ஜியா. டிரினிடாட் சாம்ப்லிஸ் என்ற குவார்ட்டர்பேக், ஒரு வருஷத்துக்கு முன் இரண்டாம் தட்டுக் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தவர், அன்று ஆடிய ஆட்டத்தை வாயால் சொல்ல முடியாது. ஆறு விநாடி மிச்சமிருக்கும்போது 47 கஜத்திலிருந்து லூகஸ் கர்னெய்ரோ உதைத்தார், உள்ளே போனது. 39-34. அரையிறுதியில் மயாமியிடம் 31-27, பதினெட்டு விநாடி மிச்சமிருக்கும்போது விட்ட டச்டவுனில் தோற்றார்கள். அந்த வாரம்கூட அவர்களைப் பற்றிய செய்தியில் பாதி, எந்த உதவிப் பயிற்சியாளர் கூட இருப்பார், எவர் எல்எஸ்யூ பக்கம் போய்விடுவார் என்பதுதான். வருஷம் முழுக்க உழைத்த பையன்கள், வாழ்நாளின் பெரிய ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் தங்கள் வாத்தியார் வருவாரா என்று தெரியாமல் இருந்தார்கள். பதினெட்டு விநாடி வித்தியாசத்தில் தோற்றவர்களுக்கு இது என்ன விலை என்று யாரால் அளக்க முடியும்?

கிஃபினுக்கு இது புதிதும் அல்ல. 2016 டிசம்பரில் அலபாமாவின் தாக்குதல் பயிற்சியாளராக இருந்தபோது வேறிடத்தில் தலைமைப் பதவி ஒப்புக்கொண்டார், 2017 ஜனவரியில் இறுதியாட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் சேபன் அவரை அனுப்பிவிட்டார், அலபாமா கிளெம்சனிடம் 35-31 என்று தோற்றது. அதற்கு முந்தைய வருஷம் கிர்பி ஸ்மார்ட்டும் அலபாமாவில் இருந்தபடியே ஜார்ஜியா வேலையை ஒப்புக்கொண்டார், ஆனால் கடைசி ஆட்டம்வரை நின்று பட்டத்தோடு போனார். 2025 இல் டுலேனின் ஜான் சம்ரல் ஃபுளோரிடாவுக்கும், ஜேம்ஸ் மேடிசனின் பாப் செஸ்னி யூசிஎல்ஏவுக்கும் போவது முடிவான பிறகும் தங்கள் அணியை பிளேஆஃபில் நடத்திக் காட்டினார்கள். இரண்டு அணியும் தோற்றன என்றாலும், பையன்களை நட்டாற்றில் விடவில்லை. மனிதருக்கு மனிதர் வேறுபடும் என்பது தெரிகிறது. அதற்காக ஒவ்வொருவர் நல்ல மனசையும் நம்பி ஒரு விளையாட்டை நடத்த முடியாது, விதி வேண்டும்.

2025 சீசனின் வரிசையைப் பாருங்கள். கையெழுத்து நாள் டிசம்பர் 3. பிளேஆஃப் முதல் சுற்று டிசம்பர் மூன்றாம் வாரம். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் ஜனவரி 2 திறந்து 16 இல் மூடியது. இறுதியாட்டம் ஜனவரி 19. ஆடிக்கொண்டே ஆள் சேர்க்க வேண்டும், ஆடிக்கொண்டே ஆளை இழக்க வேண்டும். இந்த வரிசையை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் ஏன் டிசம்பரில் ஓடுகிறார் என்று திட்டுவதில் அர்த்தமில்லை. புது ஊரில் முன்கூட்டியே போய் நிற்காவிட்டால் அவருக்கு அடுத்த வருஷ அணியே இருக்காது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வீரர்களுக்கு ஆண்டுக்கு சுமார் 2 கோடி டாலர்வரை நேரடியாகவே கொடுக்கலாம் என்றாகிவிட்டது, அந்தப் பணத்தை யாருக்கு எவ்வளவு என்று பேசுவதும் இதே வாரங்களில்தான். வீரர்களுக்குப் பணம் கிடைப்பது எனக்குச் சந்தோஷம், அவர்கள் உடம்பு அது. நாளைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

கையெழுத்து நாளைப் பழையபடி பிப்ரவரிக்கே கொண்டுபோங்கள். போர்ட்டலை இறுதியாட்டம் முடிந்த பிறகு திறங்கள். கல்லூரியின் வசந்தகால வகுப்பு ஜனவரியில் தொடங்குகிறது, அதற்குள் மாணவர் சேர்ந்தாக வேண்டும் என்பார்கள். அப்படியானால் சீசனை ஒரு வாரம் முன்னே தொடங்கி, சுற்றுகளுக்கு இடையில் இருக்கும் நீண்ட இடைவெளியைக் குறைத்து, ஜனவரி முதல் வாரத்துக்குள் பட்டத்தை முடியுங்கள். அதோடு, பிளேஆஃபில் இருக்கும் அணியின் தலைமைப் பயிற்சியாளரோடு அந்த அணி வெளியேறும்வரை வேறு எந்தப் பல்கலைக்கழகமும் ஒப்பந்தம் பேசக் கூடாது என்று விதி எழுதுங்கள். வழக்குப் போடுவார்கள், வேலை தேடும் சுதந்திரத்தைத் தடுக்கிறது என்பார்கள், இருக்கலாம். தொழில்முறைக் கால்பந்தான என்எஃப்எல்லில் பிளேஆஃபில் இருக்கும் அணியின் உதவிப் பயிற்சியாளரை எப்போது நேர்காணல் செய்யலாம், எப்போது கூடாது என்று நாள் குறித்து விதி வைத்திருக்கிறார்கள், அங்கே உலகம் இடிந்துவிடவில்லை. 12 ஐ 16 ஆக்கலாமா 24 ஆக்கலாமா என்று பெரிய கான்ஃபரன்ஸ்காரர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 2026 இலும் 12தான் என்று முடிவாகியிருக்கிறது. நல்லது, அந்த ஒரு வருஷத்தைக் காலண்டரைத் திருத்தப் பயன்படுத்தட்டும்.

கடைசியாக எங்கள் அணி. ஃபிராங்க்ளின் போனபின் டெரி ஸ்மித் இடைக்காலப் பொறுப்பு ஏற்றார், எங்கள் பழைய வீரர். அயோவாவிடம் ஒரு புள்ளியில் தோல்வி, ஒஹாயோ ஸ்டேட்டிடம் பெரிய தோல்வி. நவம்பர் 8 இண்டியானா பீவர் ஸ்டேடியத்துக்கு வந்தது. 20-7 என்று பின்தங்கி, எழுந்து, 24-20 என்று முன்னே போனோம். இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தது, இண்டியானாவிடம் டைம்அவுட்கூட இல்லை. மெண்டோசா 80 கஜம் கொண்டுபோனார், 36 விநாடி இருக்கையில் டச்டவுன் பகுதியின் பின்கோட்டை நோக்கி வீசினார், ஒமர் கூப்பர் காற்றில் எழும்பிப் பிடித்து, உடம்பு வெளியே சாயும்போது ஒரு காலின் நுனியை மட்டும் கோட்டுக்குள் ஊன்றினார். 27-24. பின்னாளில் தேசியப் பட்டம் வென்ற அணியைப் பிளேஆஃப் கனவு செத்துப்போன, பயிற்சியாளர் இல்லாத, இரண்டாம் குவார்ட்டர்பேக்கை வைத்து ஆடிய பையன்கள் அந்த நுனிக்கால் வரை இழுத்தார்கள். கேட்ரான் ஆலன் எங்கள் பல்கலைக்கழக வரலாற்றிலேயே பந்தோடு அதிக தூரம் ஓடியவர் என்ற சாதனையை இந்தச் சீசனில்தான் எட்டினார், அதைக் கொண்டாடக்கூட ஊரில் ஆளில்லை, எல்லோரும் அடுத்த கோச் யார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மேட் கேம்ப்பெல் நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். அயோவா ஸ்டேட் வரலாற்றில் அவர்தான் அதிக வெற்றி பெற்றவர், 2024 இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல்முறையாக 11 வெற்றி வாங்கிக் கொடுத்தார். அங்கே அவர் முதல் வருஷம் 3-9 என்பதை நம் ரசிகர்கள் இப்போதே மனப்பாடம் செய்துகொண்டால் நல்லது. கான்ஃபரன்ஸ் பட்டம் வென்றதில்லை, இரண்டு இறுதியாட்டத்திலும் தோற்றார் என்ற குறை உண்டு, பெரிய ஆட்டத்தில் கை நடுங்கும் என்று ஃபிராங்க்ளின் மேல் சொன்ன அதே குறைதான் என்று சிலர் இப்போதே முணுமுணுக்கிறார்கள். குவார்ட்டர்பேக் ராக்கோ பெக்ட் அவரோடு வந்திருக்கிறார், அயோவா ஸ்டேட் வீரர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், டெரி ஸ்மித்தையும் கூடவே வைத்துக்கொண்டார், அதில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. 2026 இல் பிளேஆஃப் போவோமா என்று கேட்டால், போகலாம், ஆனால் நான் பந்தயம் கட்ட மாட்டேன். புது அணி, புதுத் திட்டம், ஒருவரை ஒருவர் இனிமேல்தான் பழக வேண்டும். ஒன்பது ஜெயித்தால் எனக்குத் திருப்தி. 2027 இல் எதிர்பார்ப்பேன், 2028 இல் கேள்வி கேட்பேன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை தோற்றார் என்பதற்காக அவரை நீக்கச் சொல்லும் கூட்டத்தில் நான் நிற்கப் போவதில்லை, என் பக்கத்து இருக்கையில் யார் கத்தினாலும் அதை அவர்களிடமே சொல்வேன்.

இப்படிக்கு,
பென்சில்வேனியாவிலிருந்து ஒரு வாசகர்